தொழுவத்து நீரில் போகும் உரச்சத்து

கேள்வி: லயத்துக்குப் பின்னால் இரண்டு பசுக்கள் வளர்க்கிறோம். தொழுவம் கழுவிய நீர் ஓடையில் கலக்கிறது. நீர்ச்செடிகளால் அதிலுள்ள உரச்சத்தை மீட்க முடியுமா?
– வாசகி, ஹட்டன்

பதில்: முடியும், சகோதரி. சாணத்தைக் குழியில் படியவிட்டு, தெளிந்த நீருடன் நிறையத் தண்ணீர் சேர்த்து, ஆழமில்லாத தொட்டியில் லெம்னா என்னும் நுண்ணிலை மிதவைச் செடியை வளர்த்தால், அது அமோனியத்தையும் பொஸ்பரசையும் உறிஞ்சிக்கொள்ளும்; தண்ணீர் கலக்காத மாட்டுச் சிறுநீரோ செடியையே கருக்கிவிடும். இதில் அள்ளுவதே முக்கியம், ஏனெனில் அள்ளாமல் விட்ட செடி அழுகி, எடுத்த சத்தை நீருக்கே திருப்பிக் கொடுத்துவிடும். பச்சை விரிப்பு தொட்டியை மூடியதும் பாதியை வலையால் வாரி, கூட்டெருவாக்கி மரக்கறிப் பாத்திக்கு இடுங்கள். கிருமிகள் இருக்கக்கூடுமாதலால் பசுவுக்குப் பச்சையாகக் கொடுக்க வேண்டாம். குளிர் மாதங்களில் வளர்ச்சி மந்தமாகும். ஆனால் ஆற்றுவாழை (வெங்காயத்தாமரை) என்னும் மிதவைச் செடியை வளர்க்கவே வேண்டாம். இலங்கையில் 1909ஆம் ஆண்டிலேயே அதற்கெதிராகச் சட்டம் இயற்றப்பட்டது.