காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல சில்வரா?

கேள்வி: பரந்தனில் நாங்கள் ஐந்து பெண்கள் சேர்ந்து தேசிக்காய் ஊறுகாய் போடுகிறோம். 100 லீற்றர் சில்வர் கொள்கலன் ஒன்றும், போத்தல்களுக்கு நீராவி கொடுக்கப் பாவித்த கொதிகலன் ஒன்றும் பார்த்து வைத்திருக்கிறோம். கடைக்காரர் காந்தத்தை வைத்துக் காட்டி, "ஒட்டவில்லை, இது 304 தான்" என்கிறார். நம்பி வாங்கலாமா?

பதில்: தங்கச்சிமாரே, காந்தத்தை மட்டும் நம்பிக் காசைக் கொடுத்துவிடாதீர்கள். 304 என்பது சில்வரின், அதாவது துருப்பிடிக்காத உருக்கின், ஒரு தர இலக்கம். அதில் குரோமியம் 18 வீதமும் நிக்கல் 8 வீதமும் அளவில் இருக்கும். நிக்கலைக் குறைத்து மங்கனீசைக் கூட்டிய 201 என்ற மலிவு வகையிலும் காந்தம் ஒட்டாது. பளபளப்பும் அப்படியேதான். உப்பும் புளிப்பும் பட்ட பிறகுதான் குணம் தெரியும். நானும் இப்படி ஒன்றை வாங்கி ஏமாந்தேன். இரண்டே மாதத்தில், குழாய் ஒட்டிய இடத்தைச் சுற்றிக் கபிலப் புள்ளிகள். துடைத்தால் துணியின் நூல் அதில் மாட்டும். அந்தச் சின்னக் குழிகளுக்குள் போன அழுக்கைத் தேய்த்து எடுக்கவே முடியவில்லை.

304 கூட உப்புப்புளியில் நாட்கணக்காகக் கிடந்தால் அரிக்கும். மொலிப்டினம் சேர்ந்த 316 என்ற தரம் அதைவிட நன்றாகத் தாங்கும், ஆனால் விலை கூட. அவ்வளவு செலவழிக்கத் தேவையில்லை. ஊறவைப்பதைப் பீங்கான் சாடியிலோ உணவுக்கென்று செய்த பிளாஸ்டிக் வாளியிலோ வையுங்கள். சில்வரில் காய்ச்சிவிட்டு அன்றைக்கே கழுவிக் கவிழ்த்துவிடுங்கள். வாங்கும்போது உள்ளே கையை விட்டு ஒட்டுகளைத் தடவிப் பாருங்கள், சொரசொரப்பு இருக்கக்கூடாது. குழாயைக் கழுவுவதற்குக் கழற்ற முடிகிறதா என்று கடையிலேயே கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

கொதிகலன் இப்போது வேண்டாம். வன்னியில் பல கிணறுகளின் தண்ணீர் கடினத்தன்மை கூடியது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே படிவு கொதிகலனுக்குள் ஏறினால் சூடு தண்ணீருக்குப் போகாது. எரிபொருள் கூடச் செலவாகும், தகடும் மிதமிஞ்சிச் சூடேறும். பாவித்த கொதிகலனில் பாதுகாப்பு வால்வும் பழுதென்றால் உயிருக்கே ஆபத்து. உங்கள் அளவுக்கு, கழுவிய கண்ணாடிப் போத்தல்களைக் கிடாரத்தில் அமிழ்த்தி 10 நிமிடம் கொதிக்கவைத்தாலே போதும்.

சரி, கொள்கலனை வாங்குவதென்று முடிவெடுத்தால், பற்றுச்சீட்டில் "304" என்று எழுதித் தரச் சொல்லுங்கள். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுத்தே ஆகவேண்டும் என்கிறது 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம். பிறகு பிழை தெரிந்தால், வாங்கி மூன்று மாதத்துக்குள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் விவரம் கேட்கலாம். எழுதித் தர மறுக்கிறாரா? அடுத்த கடைக்குப் போங்கள்.