பீசா பட்டியலைப் பார்த்துப் பள்ளியை மாற்றலாமா?

கேள்வி: எங்களுக்குப் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம். மகள் அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம், ஏழாவது படிக்கிறாள். வரும் ஜூனில் ஹைஸ்கூலில் சேர்க்க வேண்டும். சிங்கப்பூரில் இருக்கும் நாத்தனார் ‘பீசா’ தேர்வுப் பட்டியலை அனுப்பி, “சிங்கப்பூர் முதலிடம், இந்தியா பட்டியலிலேயே இல்லை, பிள்ளையை இன்னும் அங்கேயே வைத்திருக்கிறீர்களே” என்கிறார். பொள்ளாச்சியில் ஒரு தனியார் பள்ளி, பீசா தரத்தில் மகளின் மதிப்பெண்ணைச் சோதித்துச் சொல்வதாகத் தனிக் கட்டணம் கேட்கிறது. கட்டலாமா? அந்தப் பள்ளிக்கே மாற்றிவிடலாமா?

பதில்: கட்டணம் கட்ட வேண்டாம். பீசாவில் தனி மாணவருக்கு மதிப்பெண் என்ற ஒன்றே கிடையாது. ஓஇசிடி என்ற பன்னாட்டு அமைப்பு 2000-லிருந்து நடத்தும் இந்தத் தேர்வு 15 வயதுப் பிள்ளைகளுக்கானது. கணிதம், வாசிப்பு, அறிவியல் மூன்றிலும் கேள்விகள் மலைபோல் இருக்கும். ஒரு மாணவர் இரண்டு மணி நேரத்தில் அதில் ஒரு பங்கை மட்டும் எழுதுவார். பக்கத்தில் இருப்பவருக்கு வேறு பங்கு வரும். எல்லாருடைய விடைகளையும் சேர்த்துத்தான் நாட்டின் சராசரியைக் கணிக்கிறார்கள். பள்ளிகளுக்கென்று ஓஇசிடி தனியாக வைத்திருக்கும் தேர்விலும் அறிக்கை பள்ளிக்குத்தான். ஏழாவது படிக்கும் பிள்ளைக்கு ‘பீசா மதிப்பெண்’ தருகிறோம் என்றால், அது அந்தப் பள்ளி தானே போட்டுக்கொள்ளும் மார்க்.

நாத்தனார் சொல்வதில் பாதி சரி. 2022-ல் கணிதத்தில் சிங்கப்பூர் 575, ஓஇசிடி நாடுகளின் சராசரி 472. இது சின்ன வித்தியாசம் இல்லை. இந்தியா பட்டியலில் இல்லாததற்குக் காரணம், நாம் அந்தத் தேர்வை எழுதவில்லை என்பதே. ஒரே ஒரு தடவை, 2009 சுற்றின் நீட்டிப்பில், தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் எழுதின. 74 இடங்களில் தமிழ்நாடு 72, இமாச்சலம் 73. கணிதத்தில் தமிழ்நாட்டுக்கு 351. கேள்விகள் நம் சூழலுக்குப் பொருந்தவில்லை என்று இந்திய அரசு ஒதுங்கிக்கொண்டது. அதில் பாதி சாக்கு என்பது என் எண்ணம். பக்கத்து மாநிலத்துக் கதைதானே என்று நீங்கள் தள்ளிவிட முடியாது; நீங்கள் மாற்ற நினைக்கும் பொள்ளாச்சி அந்த மாநிலத்தில்தான் இருக்கிறது! ஆனால் அந்த 351-ம் ஒரு மாநிலத்தின் சராசரி. எந்த ஒரு பள்ளியைப் பற்றியும் அது பேசாது.

இந்த மாதிரிப் பட்டியல் கைக்கு வந்தால் நான் முதலில் பார்ப்பது, எழுதியவர்கள் யார் என்பதை. 2018-ல் உச்சியில் இருந்த ‘சீனா’ என்பது பெய்ஜிங், ஷாங்காய், ஜியாங்சு, ஜெஜியாங் என்ற நான்கு வசதியான பகுதிகள் மட்டும். 2012-ல் வியட்நாம் கணிதத்தில் 511 எடுத்து எல்லாரையும் அசத்தியது. ஆனால் அந்நாட்டின் 15 வயதினரில் சுமார் 56 சதவீதத்தினரைத்தான் அந்தத் தேர்வு பிரதிநிதித்துவப்படுத்தியது. படிப்பை நிறுத்தியவர்கள் கணக்கிலேயே வரவில்லை.

உள்ளூர்க் கணக்கும் இப்படித்தான். 3, 6, 9 வகுப்புகளுக்கு 2024 டிசம்பரில் நடந்த, பிள்ளைகள் எவ்வளவு கற்றிருக்கிறார்கள் என்று பார்க்கும் ‘பரக்’ தேசியக் கணக்கெடுப்பில் கேரளம் முன்வரிசையில் இருக்கிறது. “பார்த்தாயா, நம்ம பக்கம்தான் உசத்தி” என்று நாத்தனாருக்குப் பதில் போட்டுவிடாதீர்கள். மாவட்ட அளவில் கிடைக்கும் சராசரியில் பாலக்காட்டின் மலையாள மீடியம், இங்கிலீஷ் மீடியம், சித்தூர் தாலுகாவின் தமிழ் மீடியம் எல்லாம் கலந்து கிடக்கும். உங்கள் மகளின் வகுப்பறை அதில் எங்கே என்று பிரித்துப் பார்க்க வழியில்லை.

மகளின் நிலை தெரிய வேண்டுமானால் வேறு வழி இருக்கிறது, அதற்குக் காசும் வேண்டாம். பழைய பீசா கேள்விகள் சிலவற்றை ஓஇசிடியே வெளியிட்டிருக்கிறது. அதில் ஒன்று சிங்கப்பூர்ப் பெண் ஒருத்தியைப் பற்றியது. தென்னாப்பிரிக்கா போகும்போது ஒரு சிங்கப்பூர் டாலருக்கு 4.2 ராண்டு (அந்நாட்டுப் பணம்) வீதம் மாற்றிக்கொள்கிறாள். திரும்பி வரும்போது கையில் 3,900 ராண்டு மிச்சம்; விலை இப்போது டாலருக்கு 4.0 ராண்டு. எத்தனை டாலர் கிடைக்கும்? வகுத்தால் 975, ஏழாவது பிள்ளைக்கு இது வரும். அடுத்த கேள்விதான் விஷயம்: விலை 4.2-லிருந்து 4.0 ஆனது அவளுக்கு லாபமா, நட்டமா, ஏன்? எண் குறைந்தவுடனே நட்டம் என்று சொல்லிவிடத் தோன்றும். பழைய விலையே இருந்திருந்தால் சுமார் 929 டாலர்தான் கிடைத்திருக்கும், ஆகவே லாபம்.

இதைத் தமிழிலேயே சொல்லிக் கேளுங்கள். விடை தப்பானால் பரவாயில்லை, காரணத்தை அவள் எப்படிச் சொல்கிறாள் என்று கவனியுங்கள். “மிஸ் இப்படிச் சொல்லித்தரல” என்று நின்றுவிட்டால், வகுப்பில் ‘ஏன்’ கேட்கும் பழக்கம் இல்லை என்று தெரிந்துகொள்ளலாம். பொள்ளாச்சிப் பள்ளிக்குப் போனாலும் இதே கேள்வியை அங்கே எட்டாவது பிள்ளைகள் இரண்டு பேரிடம் கேட்க அனுமதி கேளுங்கள். கட்டண ரசீதை நீட்டும் பள்ளி இதற்குத் தயங்கினால் யோசிக்க வேண்டும்.

பள்ளி மாற்றும் முடிவில் உண்மையாகவே எடை உள்ள விஷயத்தை நீங்கள் கேட்கவில்லை. எட்டு முதல் பன்னிரண்டு வரை எந்த மாநிலத்தில் படித்தாள் என்பது தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் கணக்கில் வரும். அங்கே அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டுக்கு ஆறாவதிலிருந்தே தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும்; அந்த வாசல் உங்கள் மகளுக்கு ஏற்கெனவே மூடிவிட்டது. பிற்காலத்தில் கோயம்புத்தூர்க் கல்லூரியா, கேரளக் கல்லூரியா என்று வீட்டில் பேசுங்கள். இருப்பிடச் சான்றும் சாதிச் சான்றும் எந்த மாநிலத்தில் வாங்க முடியும், அது அங்கே செல்லுமா என்று கிராம அலுவலகத்தில் இந்த வாரமே விசாரியுங்கள். ஜூனுக்குள் முடிய வேண்டிய வேலை அதுதான்.