மிருதங்கச் சாதகமும் கீழ்வீட்டுப் பெரியவரும்

அழகாபுரத்தில் இரண்டாவது மாடி, பையன் காலை ஐந்து மணிக்கே மிருதங்கம் சாதகம் பண்ணுகிறான், கீழ்வீட்டுப் பெரியவர் படியேறி வந்து சத்தம் போடுகிறார், சுவரில் முட்டை அட்டை ஒட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் சார், காசு வீண். அது அறைக்குள்ளே எதிரொலியைக் கொஞ்சம் குறைக்குமே தவிர, வெளியே போகிற சத்தத்தைத் தடுக்காது.

அவரைப் படுத்துவது பெரும்பாலும் தரை வழியாக இறங்குகிற அதிர்வுதான், அதனால் வெறும் ஜமுக்காளத்தோடு விடாமல் கெட்டியான இலவம்பஞ்சு மெத்தை ஒன்றைப் போட்டு, பையனும் வாத்தியமும் அதன் மேலேயே இருக்கட்டும், அந்த இடம் அவர் படுக்கிற அறைக்கு நேர் மேலே இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விரல் பாடத்துக்குத் தொப்பியில், அதாவது மிருதங்கத்தின் இடது முகத்தில், ரவைப் பசை பூசவே வேண்டாம், கனத்த நாதம் எழாது. வலது முகமான வலந்தலை மேல் ஒரு துண்டு போதும். ஆனால் எப்போதும் இப்படியே வாசித்தால் நாதத்தைப் பிடிக்கிற காது கெட்டுவிடும், மாலையில் அரை மணி நேரமாவது ரவை வைத்து முழுசாக வாசிக்கட்டும்.

அப்புறம் அந்த ஐந்து மணி. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் இரவு 10 முதல் காலை 6 வரை இரவுக் கணக்கு, குடியிருப்புப் பகுதிக்கு வரம்பு 45 டெசிபல், பகலில் 55. ஆக, பெரியவர் பக்கம் நியாயம் இருக்கிறது. அந்த நேரத்தில் வாசிக்காமல் தாளம் போட்டு, வாயால் சொல்கட்டு (தா, தி, தொம், நம் மாதிரி மிருதங்கச் சொற்கள்) சொல்லட்டும், வாத்தியார் யாரும் குறை சொல்ல மாட்டார்.

மதியம் அவர் எப்போது தூங்குவார் என்று நேரில் போய்க் கேளுங்கள். மாம்பழ சீசன் என்றால் நாலு மல்கோவாவோடு போங்கள்.