வெள்ளவத்தையில் சொந்த வளவில் நிற்கும் பலாமரத்தை வெட்ட மாநகர சபையின் அனுமதி போதுமா?

கேள்வியில் உள்ள மரம் பழைய பலா. பக்கத்து வீட்டு மதில் பக்கம் சாய்ந்து நிற்கிறது.

மாநகர சபை மட்டும் போதாது. பலா என்றபடியால் முதலில் போக வேண்டிய இடம் பிரதேச செயலகம். 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றை அனுமதிப்பத்திரம் இல்லாமல் வெட்ட முடியாது. காணி உங்கள் பெயரில் இருப்பதால் விலக்குக் கிடைக்காது. வீட்டுப் படத்துக்கு மாநகர சபை அங்கீகாரம் தந்துவிட்டது, ஆகவே அத்திவாரம் வரும் இடத்தில் நிற்கும் பலாவையும் வெட்டலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது வேறு, இது வேறு. தென்னை நின்றால் அதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.

கொழும்பு நகருக்குள் கொழும்பு, திம்பிரிகஸ்யாய என இரண்டு பிரதேச செயலகங்கள் உண்டு. வெள்ளவத்தை திம்பிரிகஸ்யாயவுக்குள் வரும். கிராம உத்தியோகத்தரிடம் தொடங்குங்கள். காணி உறுதியின் பிரதி, நில அளவைப் படம், அடையாள அட்டைப் பிரதி, மரத்தின் படங்கள் ஆகியவற்றைக் கொண்டு போங்கள். அவர் வந்து பார்த்துத் தரும் சிபாரிசோடுதான் விண்ணப்பம் மேலே போகும். உறுதியில் பல பெயர் இருந்தால் எல்லோருடைய எழுத்துமூலச் சம்மதத்தையும் முன்கூட்டியே எடுங்கள். வெளிநாட்டில் இருக்கும் சகோதரரின் கையெழுத்து இல்லாமல் இழுபடும் விண்ணப்பங்கள் ஏராளம்.

விண்ணப்பத்தில் "மரம் ஆபத்தானது" என்று மட்டும் எழுதாதீர்கள், காரணத்தைக் காட்டுங்கள். சிறு வயதிலேயே சாய்ந்து, நுனி மறுபடி நிமிர்ந்து வளர்ந்த மரம் பெரும்பாலும் உறுதியாகவே நிற்கும். பயப்பட வேண்டியது அடியிலிருந்து நுனிவரை நேராக இருந்துகொண்டு புதிதாகச் சாயும் மரத்துக்கு. சாய்வுக்கு எதிர்ப்பக்கத்து மண் வெடித்திருக்கிறதா, வேர் மேலே கிளம்புகிறதா, அடிமரத்தில் தட்டுத் தட்டாகக் காளான் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். அளவு தெரிய ஓர் அடிமட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் படமெடுங்கள். மதில் கட்ட ஒரு பக்க வேரை வெட்டியிருந்தால் அதையும் குறிப்பிடுங்கள். அந்தப் பக்கப் பிடிமானமே போயிருக்கும். இவை எதுவும் இல்லையென்றால் மதில் பக்கக் கொப்புகளை மட்டும் குறைப்பதே நல்லது. ஆனால் தலையை மொட்டையாக வெட்டச் சொல்லாதீர்கள். வெட்டிய இடம் உக்கும், அங்கே புதிதாக வரும் கொப்புகள் பலமில்லாமல் ஒட்டிக்கொண்டு நின்று காற்றுக்கு முறியும்.

மாநகர சபையின் வேலை எங்கே வருகிறது? மரம் வீதிப் பக்கம் சரிந்தால், அல்லது வீதி ஒதுக்கில், அதாவது வீதிக்கென ஒதுக்கிய ஓர நிலத்தில் நின்றால். 2023 ஒக்டோபரில் கொள்ளுப்பிட்டியில் பஸ் மீது மரம் விழுந்து ஐந்து பேர் இறந்தார்கள். வீதியோர மரத்தைப் பற்றிய முறைப்பாட்டை வாயால் சொல்லிவிட்டு விடாமல், பதிவுத் தபாலில் அனுப்பிப் பிரதியையும் வைத்திருக்க வேண்டும். வீதி ஒதுக்கில் நிற்கும் மரத்தில் நீங்களாகக் கத்தி வைக்கக் கூடாது.

அயலவரோடு பேசி முடிக்கப் பாருங்கள். சரிவராவிட்டால் மத்தியஸ்த சபை இருக்கிறது. விழுந்து காயம் விளைவிக்கக்கூடிய மரம் என்றால் 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவின் கீழ் நீதவானே அகற்றச் சொல்லிக் கட்டளையிடலாம். அதாவது, உங்கள் மரத்தைப் பற்றி அயலவரும் இந்த வழியில் போகலாம்.

கரண்ட் வயர் கொப்பில் முட்டினால் முதலில் மின்சார முறைப்பாட்டு இலக்கமான 1987க்குத் தொலைபேசி எடுத்து லைனை நிறுத்தச் சொல்லுங்கள். பச்சை மரத்தில் மின்சாரம் பாயும். ஏறுபவரின் உயிர் அதில் தங்கியிருக்கிறது. ஒடுங்கிய வளவில் அடியில் அரிந்து சாய்க்கவே கூடாது. மேலிருந்து துண்டு துண்டாகக் கயிற்றில் கட்டி இறக்குபவரைப் பிடியுங்கள். மதில் உடைந்தால் யார் கட்டித் தருவது என்பதையும் கூலி பேசும்போதே எழுதிக்கொள்ளுங்கள்.

குற்றிகளை லொறியில் ஏற்றுவதற்குத் தனியாகப் போக்குவரத்து அனுமதிப்பத்திரம் வேண்டும். மாலை 6 மணி முதல் காலை 6 மணி வரை ஏற்றிச் செல்ல முடியாது. அதனால் வெட்டும் வேலையை அதிகாலையில் தொடங்குங்கள். பிந்தினால் குற்றிகளை வளவிலேயே அடுக்கிவிட்டு மறுநாள் ஏற்றுங்கள்.