வெளிநாட்டு அரசியல்வாதிகளில் உங்கள் மனதில் நின்றவர் யார்? ஏன்?

எனக்கு அது ஜூசெப் தர்ரதேயாஸ். ஸ்பெயினில் இருக்கும் கத்தலோனியாவைச் சேர்ந்தவர். 2019 முதல் பார்சிலோனா விமான நிலையத்துக்கு இவர் பெயர்தான். வேலைக்காக அந்த ஊரில் இரண்டு வருஷம் இருந்தேன். அப்போது நான் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்கார அம்மா சொல்லித்தான் இவரைப் பற்றி முதலில் தெரிந்துகொண்டேன். பிறகு தேடித் தேடிப் படித்தேன்.

1899இல் பார்சிலோனாவுக்குப் பக்கத்தில் செர்வேயோ என்ற சிற்றூரில் பிறந்தவர். இளம் வயதிலேயே வணிக ஊழியர்களின் சங்கத்தில் வேலை செய்து அரசியலுக்கு வந்தார். 1931இல் கத்தலோனியாவின் இடதுசாரிக் குடியரசுக் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர். உள்நாட்டுப் போர் வெடித்த 1936இல், கத்தலோனியத் தன்னாட்சி அரசான ஜெனரலிதாத்தில் முதலமைச்சர் போன்ற பொறுப்பு அவரிடம் வந்தது. போர்த் தொழிற்சாலைகளை ஒழுங்குபடுத்தியதும், 1937 ஜனவரியில் 58 ஆணைகள் போட்டு நிதி நிர்வாகத்தைக் கட்டுக்குள் கொண்டுவர முயன்றதும் இவர்தான். 1939இல் குடியரசை எதிர்த்துப் போரிட்ட தளபதி பிராங்கோவின் படை ஜெயித்ததும் எல்லை தாண்டி பிரான்சுக்குப் போனார்.

அப்போது ஜெனரலிதாத்தின் தலைவராக இருந்தவர் லூயிஸ் கொம்பானிஸ். அவரும் பிரான்சில்தான் தஞ்சம் புகுந்திருந்தார். 1940இல் ஜெர்மானியர் அவரைப் பிடித்து பிராங்கோவிடம் ஒப்படைத்தார்கள். அந்த அக்டோபரில் மொஞ்சுயிக் கோட்டையில் சுட்டுக் கொன்றார்கள். அடுத்து வந்த ஜூசெப் இர்லா 1954இல் விலகினார். போரில் தோற்ற ஸ்பானியக் குடியரசுக்கு மெக்சிகோ நகரத்தில் இருந்த தூதரகத்தில், நாடுகடந்து வாழ்ந்த கத்தலோனிய நாடாளுமன்றத்தின் பழைய உறுப்பினர்கள் கூடி தர்ரதேயாஸைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள்.

என்னை மிகவும் அசைத்தது இதற்குப் பிந்தைய 23 வருஷங்கள்தான். பிராங்கோ அந்த அரசையே ஒழித்துவிட்டார். வரி வசூல் கிடையாது, ஆட்கள் கிடையாது, அலுவலகம்கூடக் கிடையாது. பிரான்சில் தூர் நகரத்துக்குப் பக்கத்தில், சான்-மர்தான்-லெ-போ என்ற ஊரில் திராட்சைத் தோட்டத்தோடு ஒரு வீடு. பணக் கஷ்டம் கழுத்தை நெரித்தது. ஆனாலும் வந்த ஒவ்வொரு கடிதத்தையும் பத்திரப்படுத்தினார், பதில் எழுதினார். நாடுகடந்த அமைச்சரவை ஒன்றை அமைக்கச் சொல்லி மற்றவர்கள் நெருக்கியபோது மறுத்துவிட்டார். கட்சிகள் தங்களுக்குள் அடித்துக்கொண்டு அந்தப் பதவியின் மரியாதையைக் கெடுத்துவிடும் என்று பயந்தார். இதனால் பிடிவாதக்காரர், யாரையும் கலக்காதவர் என்ற பேச்சும் எழுந்தது. அதில் உண்மை இருக்கிறது என்றே நினைக்கிறேன். உள்ளூரில் சிறைக்குப் போய்ப் போராடிக்கொண்டிருந்த இளைஞர்களுக்கு இந்தக் கிழவர் யார் என்ற கோபம் வந்ததில் நியாயம் உண்டு. ஆனால் அந்தப் பிடிவாதம் இல்லாவிட்டால் 1977இல் கூப்பிடுவதற்கு ஒரு தலைவர் இருந்திருக்க மாட்டார்.

1975இல் பிராங்கோ இறந்தார். 1977 ஜூனில் முதல் சுதந்திரத் தேர்தல் நடந்தது. கத்தலோனியாவில் சோசலிஸ்டுகளும் கம்யூனிஸ்டுகளும் முன்னால் வந்தார்கள். பிரதமர் அடோல்போ சுவாரெஸுக்கு அது கவலையாக இருந்தது. இடதுசாரிகளின் கை ஓங்காமல் இருக்க, தர்ரதேயாஸைக் கூப்பிட்டுப் பேசுவது மேல் என்று முடிவு செய்தார்.

ஜூன் கடைசியில் மாட்ரிட்டில் இருவரும் சந்தித்தார்கள். பேச்சு மோசமாக முடிந்தது, எதிலும் உடன்பாடு இல்லை. வெளியே நிருபர்கள் காத்திருந்தார்கள். பேச்சு முறிந்தது என்று இவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் அன்றோடு முடிந்திருக்கும். ஆனால் சந்திப்பு மிகவும் நல்லவிதமாக நடந்தது என்று சொல்லிவிட்டுப் போனார். சுவாரெஸே அசந்துபோனார். கதவு திறந்தே இருந்தது. அரசரும் அவரை வரவேற்றுப் பேசினார், பிரதமருடன் அடுத்த சந்திப்பு சுமுகமாக நடந்தது. செப்டம்பர் 29 அன்று ஜெனரலிதாத்தை மீண்டும் நிறுவும் ஆணை வந்தது. 78 வயது வரை காத்திருந்த மனிதருக்குக் கோபப்பட எல்லா உரிமையும் இருந்தது. அன்று வாசலில் அவர் காட்டிய அந்த நிதானத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கும்.

அக்டோபர் 23 அன்று பார்சிலோனாவில் வந்து இறங்கினார். சான் ஜாவ்மா சதுக்கத்தில் கூட்டம் நிரம்பி வழிந்தது. மாடத்தில் நின்று அவர் சொன்ன முதல் வரி, 'சியுதாதான்ஸ் தெ கத்தலூன்யா, ஜா சோக் அக்கி.' அதாவது 'கத்தலோனியாவின் குடிமக்களே, இதோ வந்துவிட்டேன்.'

வீட்டுக்கார அம்மா அன்று அந்தக் கூட்டத்தில் நின்றிருந்தார். அவர் கத்தலோனியர் இல்லை. 1960களில் தெற்கே அந்தலூசியாவிலிருந்து பஞ்சாலை வேலைக்காகக் குடும்பத்தோடு வந்தவர். அப்படிப் பிழைக்க வந்தவர்கள் லட்சக்கணக்கில் அங்கே இருந்தார்கள். தலைவர் 'கத்தலோனியர்களே' என்று அழைத்திருந்தால் தான் வேறு யாருக்கோ நடக்கும் விழாவில் நிற்பதுபோல் உணர்ந்திருப்பேன் என்றார். 'குடிமக்களே' என்றதும் பக்கத்தில் நின்ற தன் அப்பா தொப்பியைக் கழற்றிவிட்டார் என்று சொன்னபோது அந்த அம்மாவின் குரல் தழுதழுத்தது.

திரும்பி வந்தபின் எல்லா முக்கியக் கட்சிகளையும் சேர்த்து ஓர் ஒற்றுமை அரசு அமைத்தார். அதிகாரம் என்று பார்த்தால் கொஞ்சம்தான். 1979இல் தன்னாட்சிச் சட்டம் வந்தது, 1980இல் தேர்தல் நடந்தது, ஜோர்டி புஜோல் தலைவரானார். இவர் பதவியை ஒப்படைத்துவிட்டு விலகினார். புஜோலோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை, அதை வெளிப்படையாகவே எழுதினார். 1988இல் காலமானார்.

அப்புறம் அந்தக் கடிதங்கள். நாடுகடந்த காலம் முழுக்கச் சேர்த்துவைத்த காகிதங்களை எந்தக் கட்சியிடமும் அவர் கொடுக்கவில்லை. பழைய அரகோன் அரசர்களின் கல்லறைகள் இருக்கும் போப்லெத் மடத்தில் ஒப்படைத்தார். இன்றும் அங்கேதான் இருக்கின்றன. அந்த ஆவணக் காப்பகத்துக்குத் தன் மகளின் பெயரைத்தான் வைத்தார்.