புகை அடித்தும் கொசு போகவில்லையே!

வாசகர் கேள்விகள். பதில் தருபவர்: 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர்

எங்கள் தெருவில் ஒருவருக்கு டெங்கு வந்ததும் இரண்டு தடவை புகை அடித்தார்கள். நாலே நாளில் மறுபடியும் கொசு. மருந்தில் ஏதாவது கோளாறா?
– ஒரு வாசகி, கோவில்பட்டி

மருந்தைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் ஒன்று சொல்கிறேன் அம்மா. புகை, பறக்கிற கொசுவைத்தான் கொல்லும். தண்ணீரில் கிடக்கும் புழுவை அது தொடாது. இன்றைக்குப் புகை அடித்த தெருவில் நாளைக்கே புதுக்கொசு கிளம்பிவிடும். அதோடு, டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு கட்டிலுக்கு அடியிலும் ஆணியில் தொங்கும் சட்டைக்குப் பின்னாலும்தான் உட்காரும். நாமோ புகை மெஷின் சத்தம் கேட்டதும் ஜன்னலைச் சாத்திவிடுகிறோம். தெருவில் அடிக்கும்போது திறந்து வையுங்கள். சாப்பாட்டையும் தண்ணீரையும் மூடிவிட்டு, கைக்குழந்தையையும் மூச்சிரைப்பு உள்ளவர்களையும் கொஞ்ச நேரம் தள்ளி இருக்கச் சொல்லுங்கள்.

நான் வேலையில் இருந்தபோது ஒரு வீட்டில் மூன்று வாரமாகக் கொசு குறையவே இல்லை. தொட்டி, குடம், ஆட்டுக்கல் குழி, கொட்டாங்கச்சி எல்லாம் பார்த்தாயிற்று. கூட வந்த மஸ்தூர் பெண், அதாவது வீடு வீடாகப் போய்க் கொசுப்புழு தேடும் பணியாளர், ஃபிரிட்ஜைச் சுவரிலிருந்து நகர்த்தி, பின்பக்கத் தட்டில் டார்ச் அடித்தார். அரை டம்ளர் தண்ணீர்தான் இருக்கும். வெளிச்சம் பட்டதும் நாற்பது ஐம்பது புழுக்கள் நெளிந்து நெளிந்து அடிக்குப் போயின. அவர் தண்ணீரை வெயில் படும் மண்ணில் கொட்டினார். அப்புறம் தட்டைத் தேங்காய் நார் போட்டு அழுத்தித் தேய்த்தார். அந்தத் தேய்ப்புதான் முக்கியம். முட்டை தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஓரத்தில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. வெறுமனே கொட்டிவிட்டு மறுபடி நிரப்பினால் பொரிந்துவிடும்.

முட்டை கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள் ஆகும். அதனால்தான் வாரம் ஒருநாள் தேய்க்கச் சொல்கிறோம். அந்த மஸ்தூர் பெண்களை வாசலோடு அனுப்பிவிடாதீர்கள். கொல்லைப்புறம் வரை விடுங்கள், குடிக்க ஒரு சொம்புத் தண்ணீரும் கொடுங்கள். காலையிலிருந்து அவர்கள் எத்தனை படி ஏறி இறங்கியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

தொட்டியில் கொசுப்புழுவைக் கொல்ல அபேட் மருந்து ஊற்றுகிறார்களே, ஆபத்தில்லையா?
– ஒரு வாசகர், தேனி

சரியான அளவில் ஊற்றினால் பயம் வேண்டாம். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் குடிநீரிலேயே பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் அனுமதித்த மருந்துதான். அளவு தெரியாமல் நீங்களாக வாங்கி ஊற்றாதீர்கள்.

திருவிழா வந்தால் தெரு ஓரமெல்லாம் பிளீச்சிங் பவுடர் கோடு போடுகிறார்கள். அதனால் கிருமி சாகுமா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பார்க்கச் சுத்தமாகத் தெரியும், அவ்வளவுதான். சேறும் குப்பையும் இருக்கிற இடத்தில் குளோரினை அவையே தின்றுவிடும். கொசுப்புழுவுக்கும் அது மருந்தில்லை. அந்தப் பவுடர் போய்ச் சேர வேண்டிய இடம் மேல்நிலைத் தொட்டி. குழாயின் கடைசி வீட்டிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். கட்டிப்போன பழைய மூட்டையில் அந்த வீரியம் இருக்காது. உங்கள் தெருக்கோடி வீட்டுத் தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் பிடித்து, இரண்டு சொட்டு மருந்து விட்டுக் காட்டச் சொல்லிச் சுகாதார ஆய்வாளரிடம் கேளுங்கள். குளோரின் இருந்தால் மஞ்சளாக மாறும். மாறாவிட்டால் அன்றைக்கே தொட்டி ஆபரேட்டரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.