செயின்சா வாங்கப் போகிறீர்களா?

கேள்வி: தோட்டத்தில் காய்ந்த கிளைகளை வெட்டவும், சாய்ந்த சிறு மரத்தைத் துண்டு போடவும் செயின்சா வாங்க விரும்புகிறேன். பெட்ரோலா, பேட்டரியா?

பதில்: தயங்காமல் பேட்டரி வாங்குங்கள். சங்கிலி ஓடும் தகடு 12 அல்லது 14 அங்குலம் இருந்தால் போதும். வெட்டும் கட்டையின் தடிமனைவிட இரண்டு அங்குலமாவது நீளமாக இருக்கட்டும். டூ ஸ்ட்ரோக் பெட்ரோல் எஞ்சினுக்கு எண்ணெய் கலந்த எரிபொருள் வேண்டும். மாதக்கணக்கில் கிடந்தால் கார்புரேட்டர் அடைத்துக்கொள்ளும். எப்போதாவது எடுப்பவருக்கு அந்த அவதி எதற்கு?

கடையில் நான் முதலில் பார்ப்பது செயின் பிரேக். தகட்டு நுனியின் மேற்பகுதி மரத்தில் இடித்தால், இயந்திரம் கண்ணிமைக்கும் நேரத்தில் முகத்தை நோக்கி எகிறும். அப்போது சங்கிலியை நிறுத்துவது அந்த பிரேக்தான். அது இல்லாததை இலவசமாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள்! பேட்டரியை மாட்டிய பிறகு தூக்கிப் பாருங்கள். கை சோர்ந்தால் பிடி தளரும்.

கண்ணாடி, காதடைப்பான், வெட்டுத் தாங்கும் கால் உறை ஆகியவற்றையும் அன்றே வாங்கிவிடுங்கள். பேட்டரி இயந்திரத்துக்கும் சங்கிலி எண்ணெய் அவசியம். மரத்தூள் மாவாக உதிர்ந்தால் சங்கிலி மழுங்கிவிட்டது. இயந்திரத்தை அழுத்தி வெட்டாமல், சங்கிலியை அரம் போட்டுத் தீட்டுங்கள். ஏணியில் நின்றபடி மட்டும் தயவுசெய்து வெட்டாதீர்கள். உயரக் கிளைகளுக்கு ஆள் வைத்துக்கொள்ளுங்கள்.